குப்பை வண்டிப் பாட்டு

2015 அக்டோபர் 13, செவ்வாய்க்கிழமை. தெற்குத் தைவானில் ஒரு நகராட்சியின் துப்புரவுப் பிரிவு. அதிகாரி லியாவின் மேசைமேல் மூன்று பழைய செல்போன்கள் கிடந்தன. மூன்றும் குப்பை வண்டிகளின் அடியில் ஒட்டப்பட்டிருந்தவை.

"வெடிகுண்டுன்னு நினைச்சு ஒரு டிரைவர் வண்டியை நடுரோட்டுல விட்டுட்டு ஓடியிருக்கான், தெரியுமா?"

எதிரே உட்கார்ந்திருந்த கோ பெய்லிங், கம்ப்யூட்டர் நிறுவனம் ஒன்றில் வேலை பார்ப்பவள். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. வைத்த கண் வாங்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். லியாவுக்கு அதுவே எரிச்சலாக இருந்தது.

"வண்டி எங்க வருதுன்னு இணையத்துல நான் போட்ட வரைபடத்துல காட்டத்தான் ஒட்டினேன். அந்த விவரம் உங்ககிட்டயே இருக்கு. கேட்டுக் கேட்டுப் பார்த்தேன், தரல. நானே எடுத்துக்கிட்டேன்."

ஏற்ற இறக்கமே இல்லாத குரல். திமிர்தான் என்று நினைத்துக்கொண்டார்.

"வண்டிதான் பாட்டுப் போட்டுக்கிட்டு வருதே, வரைபடம் எதுக்குன்னு பதில் போட்டோமே."

"எதுக்குன்னு மனுவுலயே எழுதியிருந்தேன். படிச்சீங்களா?"

"தினம் எத்தனை மனு வருது. தலைப்பைப் பார்த்தாலே தெரியாதா, எது உருப்படின்னு?"

"வண்டி யாருக்காகவும் நிக்காது. குப்பைப் பையைத் தரையில வைக்கக் கூடாது, நாமளே வண்டியில போடணும். வண்டியைத் தவறவிட்டா வீடு நாறும், தெருவுல வச்சா அபராதம். நான் ரெண்டையும் பார்த்தாச்சு."

"கொஞ்சம் முன்னாடியே இறங்கி வந்து நிக்க வேண்டியதுதானே. சோம்பேறித்தனத்துக்கெல்லாம் நகராட்சி வரைபடம் போடணுமா?"

வரைபடத்தை மூடச் சொல்லும் உத்தரவு தயாராக இருந்தது. கையெழுத்துதான் பாக்கி. லியாவ் பேனாவைத் திறந்தார்.

"இன்னிக்கே மூடணும்."

"மூட மாட்டேன். நீங்க முடக்கினா நாளைக்கு வேற பேர்ல திறப்பேன். அதையும் முடக்கினா இன்னொண்ணு. எனக்கு அலுக்காது சார்."

அந்த நேரத்தில் தெருவில் பாட்டு கேட்டது. லியாவ் பேனாவோடு எழுந்துபோய் ஜன்னலருகே நின்றார். கீழே ஜனங்கள் பைகளோடு ஓடிவந்துகொண்டிருந்தார்கள். நூடுல்ஸ் கடைக்காரர் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். லியாவுக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது.

"கேக்குதா? நாலு தெருவுக்குக் கேக்கும்" என்றார், வெளியே பார்த்தபடியே. "சரி, சின்ன வயசு. தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உத்தரவைக் கிழிச்சுப் போட்டுடறேன். என்ன சொல்றீங்க?"



திரும்பினார். அவள் பாட்டுக்குச் செல்போன்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். மறுபடி ஒட்டத்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அருகே போய் மேசையைத் தட்டினார். நிமிர்ந்தாள்.

"ஏம்மா, நான் இவ்வளவு இறங்கி வந்து பேசறேன். பதில் சொல்லக்கூட மனசு வரலையா?"

"பேசினீங்களா? முதுகைக் காட்டிக்கிட்டுப் பேசினா எனக்கு எப்படித் தெரியும்? பிறந்ததுலேர்ந்து எனக்குக் காது கேக்காது. வாயைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்குவேன். மனுவுல முதல் வரியே அதுதான்."

லியாவ் பேனாவை மூடினார். கீழே பாட்டு தெருமுனையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"வண்டிக்கு வாய் இல்லையே சார்."