பூனைக்கு ஒரு மீன் பணிஸ்

"மீன் பணிஸ் ஒண்டு தாங்கோ, தம்பி."

ஓமந்தையில் பேக்கரி வைத்துப் பணிஸ் விற்கும் முன்ஸிர் குழம்பிப்போனான். கேட்டவள் நாகேஸ்வரி. கோயிலில் பூசிய திருநீறு அவள் நெற்றியில் இன்னும் கலையவில்லை.

"இண்டைக்கு வெள்ளி, விரதமெல்லோ அக்கா? மீன் போடாத வெங்காயச் சீனிச்சம்பல் வைச்ச பணிஸ் தரட்டோ?"

"எனக்கில்லை தம்பி, பூனைக்கு. மீன் இல்லாட்டி அது வாய் வைக்காது."

அவள் போய் மறைந்ததும் அவளுடைய கணவர் வீரகத்தி சைக்கிளில் வந்து இறங்கினார். அவர் நெற்றியிலும் திருநீறு. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மீன் பணிஸ் ரெண்டு தாரும் தம்பி. பூனைக்கு."

முன்ஸிருக்குக் குழப்பம் கூடியது.

"இப்பதானே அண்ணை, அக்கா வந்து பூனைக்கு வாங்கிக்கொண்டு போனவா?"

வீரகத்தி திகைத்துப்போனார்.

"எந்தப் பூனைக்கு? எங்கட வீட்டில பூனையே இல்லையே!"