விற்கப்போகிற வீட்டுக்குப் பெயின்ட்

“விக்கப்போற ஊட்டுக்கு எதுக்கு பெயின்ட்டு? வாங்குறவன் அடிச்சிக்கட்டும்!” என்றார் குப்புராஜ்.

சோழவரத்து மாடி வீட்டை விற்றுவிட்டுச் சின்ன ஃப்ளாட்டுக்குப் போய்விடலாம் என்பது அவர் திட்டம். மகன் ஹேமநாத்தோ கல்யாணப் பேச்சை எடுத்தாலே கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு ஓவர்டைம் பார்க்க ஓடிவிடுகிறான். மூன்று பேருக்கு எதற்கு இவ்வளவு பெரிய வீடு?

“அழுக்குச் செவுத்தைப் பாத்தா யாருங்க உள்ள வருவாங்க?” என்று மனைவி திலகவதி ஒற்றைக்காலில் நின்றாள். பெயின்ட் அடித்தார்கள்.

அது காய்ந்த ஞாயிற்றுக்கிழமையே ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, மகள் பானு. திலகவதி காலையிலிருந்தே அடுப்படியில் நின்று, வந்தவர்களை விழுந்து விழுந்து கவனித்தாள். குப்புராஜ் போர்த் தண்ணீரைத் தானே குடித்துக் காட்டினார். மொட்டை மாடியைக் காட்டுவது ஹேமநாத்தின் பொறுப்பு. பானு தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாள். அவன் பதில் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

அவர்கள் கிளம்பியதும் குப்புராஜ் பரபரத்தார். “இன்னா திலகா, விலையைப் பத்தி மூச்சே விடாம போறாங்க?”

அவள் வாயைத் திறப்பதற்குள் ஹேமநாத் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

“நைனா, ஊட்டை விக்க வேணாம். எனக்கு அந்தப் பொண்ணைப் புடிச்சிருக்கு. ஆனா, ஊடு வாங்க வந்தவங்ககிட்ட போயி பொண்ணு கேட்டா இன்னா நெனச்சிப்பாங்க?”

திலகவதி மிச்சமிருந்த பலகாரத் தட்டை மகனிடம் நீட்டினாள்.

“ஊடு வாங்க வர்றவங்களுக்கு எவளாச்சும் கேசரியும் பஜ்ஜியும் செஞ்சி வெப்பாளாடா?”