அட்டை கடித்த பிணம்

நிரஞ்சன் மூன்றாவது தடவையாக அந்தப் பிணத்தைக் கட்டிப்பிடித்தபோது கிருஷாந்திக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

செத்தவளாம். செத்து எழுந்து வந்தவளாம். முகம் முழுக்க மாவும் கரியும் சிவப்புச் சாயமும், அதன்மேல் இடுப்புவரை விரித்துப்போட்ட முடி. அப்படியிருந்தும் சேலையை என்ன பாந்தமாகக் கட்டியிருக்கிறாள், பாவி.

தேயிலைத் தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலை மேட்டில், ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று கிருஷாந்தி எல்லாவற்றையும் பார்த்தாள். அவளுக்குப் பொகவந்தலாவையில் ஒரு தையல் கடையில் வேலை. சனிக்கிழமை அரை நாள் என்பதால், பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்துவிட்டாள். கீழே தேயிலைக்கு நடுவில் நிரஞ்சனின் கூட்டாளி கிஷாந்த், போனை ஒரு கம்பில் கட்டி வைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

பத்து நிமிஷ ஸொம்பிப் படம். குளவி கொட்டிச் செத்துப்போன ஒருத்தி எழுந்து வந்து தோட்டத்தையே கடிக்கிறாள், காதலனை மட்டும் கடிக்க மாட்டேன் என்கிறாள். கதை நிரஞ்சனுடையது. காதலனும் அவனேதான், வேறு யாருக்கு விட்டுக்கொடுப்பான்?

அந்த வேஷத்துக்கு அவன் முதலில் கேட்டது கிருஷாந்தியைத்தான். "எங்கப்பா காலை ஒடைச்சிருவாரு. வேற ஆளப் பாருங்க" என்று சொன்னவளும் அவள்தான். இரண்டு வருஷமாகக் காதலிக்கிறவன் அதற்குக் கொஞ்சமாவது கெஞ்சியிருக்க வேண்டாமா? சிரித்தான்.

"காமன் கூத்துல ரதி வேஷத்துக்கு ஆள் கெடைக்கிற தோட்டத்துல, ஸொம்பிக்கா ஆள் கெடைக்காது?"

நேற்றுச் சாயங்காலம் மெசேஜ் வந்தது. "ஆள் கெடைச்சாச்சு. சேலை கட்டி நின்னா கண்ணெடுக்க முடியல." யாரென்று மூன்று தடவை கேட்டாள். "நாளைக்கு வந்து பாரு" என்றதோடு சரி. இதோ, வந்து பார்க்கிறாள்.

"இன்னொருக்கா போவோம். நிரஞ்சா, இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடி. உசுருக்கு உசுரா இருந்த ஆளுடா அது" என்றான் கிஷாந்த்.

நாலாவது தடவையும் பிடித்தான். இருவரும் தோளுக்குத் தோள் அளவெடுத்த மாதிரி நின்றார்கள். கிருஷாந்தி நின்றால் அவன் சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குத்தான் எட்டுவாள். அவன் காதில் ஏதோ சொல்ல, பிணம் அவன் முதுகில் செல்லமாக ஒன்று வைத்தது. இத்தனை பழக்கம் ஒரே நாளில் வருமா?

கொழுந்துக் கூடையோடு மேலே வந்த இராசம்மா அவள் பக்கத்தில் நின்று கீழே எட்டிப் பார்த்தாள். "யாரு புள்ள அது?"

"யாருக்குத் தெரியும்?"

"யாரா இருந்தா என்ன. நிரஞ்சனுக்கு நல்ல ஜோடி." சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதையும் கிருஷாந்தி பொறுத்துக்கொண்டாள். அடுத்து நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. பிணம் திடீரென்று ஒற்றைக் காலில் நொண்டியது. அட்டை கடித்திருக்கிறது. நிரஞ்சன் அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் தொடையில் தூக்கி வைத்து, உப்பைத் தேய்த்து, அட்டையைப் பக்குவமாக எடுத்துப் போட்டான்.

போன மாதம் இவள் காலில் அட்டை ஏறியபோது உப்புப் பொட்டலத்தைத் தூரத்தில் நின்று வீசிவிட்டு, "பாத்து எடு" என்று போனை நோண்டிக்கொண்டிருந்தவன் இதே நிரஞ்சன்தான்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாளைக்குக் கந்தப்பளையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். வீட்டில் அவள் காதல் தெரிந்த ஒரே ஆள் தம்பி திலக்ஷன். "கிளாஸ் முடிஞ்சு வந்ததும் அப்பாகிட்ட நானே பேசுறேன்க்கா. அவங்கள வர வேணாம்னு சொல்ல வைக்கிறது என் பொறுப்பு" என்று காலையில் சத்தியம் பண்ணிவிட்டு, ஹட்டனுக்குக் கம்ப்யூட்டர் கிளாசுக்குக் கிளம்பிப் போயிருந்தான்.

பேசவே வேண்டாம். இவனுக்காக யாரும் யாரிடமும் பேச வேண்டாம். கந்தப்பளை மாப்பிள்ளை குட்டையோ நெட்டையோ, நாளைக்குத் தேத்தண்ணித் தட்டோடு போய் நின்று தலையை ஆட்டிவிட வேண்டியதுதான். இவன் செத்தவளோடு குடும்பம் நடத்தட்டும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியின் நம்பரை அழுத்தினாள். சொல்ல வேண்டியதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "அப்பாகிட்ட ஒண்ணும் பேசாத. எனக்குச் சம்மதம்னு மட்டும் சொல்லிரு." இதைச் சொல்லிவிட்டால் முடிந்தது. அப்பா கொடுத்த வாக்கை மாற்றுகிற ஆள் இல்லை.

மணி போனது.

கீழே கிஷாந்த் கத்தினான். "யாரு போன்டா அது? எல்லாத்தையும் ஆஃப் பண்ணச் சொன்னேன்ல?"

பிணம் நாக்கைக் கடித்துக்கொண்டது. இடுப்பில் செருகியிருந்த போனை உருவி, முகத்தில் விழுந்த முடியை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, காதில் வைத்தது. மாவு பூசிய வாய் அங்கே திறந்தது. குரல் கிருஷாந்தியின் காதுக்குள் கேட்டது.

"கிளாஸ்ல இருக்கேன்க்கா, அப்புறம் எடுக்கிறேன்."