நசுங்கிய முகமூடி

"ஏலே தங்கசாமி, இந்தா வாரான் பாரு!"

பஞ்சம்மாள் அத்தை என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

உச்சிப்புளி டூரிங் கொட்டகையில் முதல் ஆட்டம். திரையில் ராக்கெட்டின் வாசலுக்கு ஒரு காவலன் வந்து நின்றான். முகத்தில் தகர முகமூடி. நெற்றிப் பக்கம் மட்டும் நசுங்கியிருந்தது.

அவன் வலது கையை மெல்லத் தூக்கினான். அத்தையும் மணலில் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினாள்.

பத்து நாளாக இப்படித்தான். துணைக்கு நான் வந்தே ஆக வேண்டும்.

'வெண்மணல் கிரகம்' எட்டுப் பாகம் வந்தும் முடியாத கதை. அத்தையின் ஒரே மகன் முத்தழகுக்கு அதில் பைத்தியம். புத்தகம் கைக்கு வந்ததும், எழுத்து தெரியாத அம்மாவை உட்கார வைத்து வாசித்துக் காட்டிவிடுவான். முதல் பாகம் படமாக வந்தபோது ராக்கெட்டைக் கட்டியிருந்த கயிறு தெரிந்தது. பயல் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

இரண்டாம் பாகத்தை எடுக்க எங்கள் தனுஷ்கோடிக்கே வந்தார்கள். வெள்ளை மணல் வேண்டுமாம். உள்ளூர் ஆட்கள் இருபது பேர் முகமூடிக் காவலர்கள் ஆனோம். முத்தழகுக்குக் கிடைத்தது நசுங்கிய முகமூடி. அதற்கும் அவனுக்கு ஒரே பெருமை.

படப்பிடிப்பு முடிந்ததும் கம்பெனிக்காரர்களோடு நானும் மெட்ராஸுக்குப் போனேன். பெட்டி தூக்குகிற வேலை என்று சொன்னேன். முத்தழகு ரயிலடிக்கு வந்து, வண்டி மறையும்வரை வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

ஒரே வாரத்தில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது.

மகளின் பிரசவத்துக்கு உச்சிப்புளி வந்திருந்ததால் அத்தை தப்பித்தாள். முத்தழகின் உடல் கிடைக்கவில்லை. அவனுக்கு ஒரு போட்டோகூட இல்லை. இந்தப் படம்தான் அவளுக்கு எல்லாம்.

நாளை முதல் வேறு படம். ஆட்டம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் அத்தை வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணாம் பொஸ்தகத்துல முகமூடியக் கழட்டுவாகன்னு வாசிச்சானே. அதயும் படமா எடுத்தா, ஒரு தடவ அவன் மொகத்தப் பாத்துருவேன்ல?"

செத்தவன் எப்படி வந்து கழற்றுவான்?

"எடுப்பாங்க அத்தை" என்றேன்.

அவள் சிரித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

கம்பெனியின் கடிதம் நான்கு நாளாக என் சட்டைப் பையில் இருக்கிறது. மூன்றாம் பாகம் எடுக்கிறார்கள். ராக்கெட் வாசலில் கை தூக்கிய அதே ஆள்தான் வந்து முகமூடியைக் கழற்ற வேண்டுமாம்.

அந்தக் காட்சி தனுஷ்கோடியில் எடுத்ததல்ல. மெட்ராஸில் எடுத்தது.

கடைசி நாள் சாயங்காலம், "நசுங்கின முகமூடிக்காரன் மெட்ராஸுக்கு வரட்டும்" என்று டைரக்டர் கூப்பிட்டார். முத்தழகு கடலில் குளித்துக்கொண்டிருந்தான். முகமூடி கரையில் கிடந்தது.

நான் எடுத்து மாட்டிக்கொண்டேன்.