கடைசி வரிசை

பினாங்கிலிருந்து காலையில் கிளம்பிய சுற்றுலாப் பேருந்து கேமரன் மலை வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தது. புளிப்பு மிட்டாய் கொடுத்துக்கொண்டே பின்னால் போய்வந்த வழிகாட்டி ஹைதர் வாசுகியிடம் குனிந்தார்.

"அக்கா, கடைசி சீட்டுல ஒரு அக்கா, உங்களுக்குக் காய்ச்சல் விட்டுச்சான்னு கேக்குறாங்க லா. ஃபேக்டரி வெள்ள உடுப்போடயே டூருக்கு வந்திருக்காங்க."

வாசுகி திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசை காலியாக இருந்தது.

போன மாதம் காய்ச்சல் என்று பொய் சொல்லித் தன் இரவு ஷிப்டை உடன் வேலை செய்த மேகலாவின் தலையில் கட்டிவிட்டு, வாசுகி ஒரு கல்யாண விருந்துக்குப் போயிருந்தாள். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் அந்த ஷிப்டை முடித்துவிட்டு வரும் வழியில் மேகலாவின் மோட்டார்சைக்கிளை லாரி அடித்துவிட்டது. மேகலாவின் துக்க வீட்டில்கூட வாசுகி இருமிக் காட்டினாள்.

தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் படம் எடுக்க இறங்கினார்கள். வாசுகி மட்டும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

"எனக்குக் காய்ச்சலே இல்ல மேகலா. பொய் சொன்னேன்."

குளிர்ந்த புறங்கை ஒன்று அவள் நெற்றியில் படிந்து, சூடு இருக்கிறதா என்று பார்த்தது. பேருந்து மலையிறங்கி வெயிலுக்கு வந்த பிறகும் அந்தக் கை விலகவில்லை.