சாவு இல்லாத ஏழு ஆய்வுகள்

"ஒருத்தர்கூடச் சாகாத ஆய்வை எதுக்கு மேடம் சேர்க்கணும்? கம்ப்யூட்டரே அதையெல்லாம் தூக்கி வெளியே போட்டுடுச்சே!"

டாக்டர் கேட்ட தோரணையிலேயே சண்டைக்குத் தயாராக வந்திருக்கிறார் என்று தெரிந்தது. கணக்கம்மா அசைந்து கொடுக்கவில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

கணக்கம்மா என்பது அலுவலகம் அவள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். பல ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டி, ஒரு மருந்து நல்லதா கெட்டதா என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. அவள் சிரித்துப் பார்த்தவர்கள் அங்கே யாரும் கிடையாது.

இந்தத் தடவை வந்திருந்தது ஒரு வலிப்பு மருந்து. எதற்கும் மசியாத வலிப்பைக்கூட அடக்கிவிடும். ஆனால் அபூர்வமாக யாராவது ஒருவருக்கு ஈரல் கெட்டு உயிரே போய்விடுகிறது. மருந்தை நிறுத்துவதா, இருக்க விடுவதா? அதைத் தீர்மானிக்கத்தான் டாக்டரும் கணக்கம்மாவும் உட்பட ஏழு பேர் கொண்ட குழு கூடியிருந்தது.

மொத்தம் பன்னிரண்டு ஆய்வுகள். ஐந்தில் மட்டும் சாவு. மருந்து சாப்பிட்டவர்களில் நாலு பேர், ஒப்பிட்டுப் பார்க்க மருந்து கலக்காத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருவர். மற்ற ஏழிலும் இரண்டு பக்கமும் பூஜ்யம்.

அந்த நாலு பேரில் ஒருத்தி டாக்டரின் நோயாளி. இருபத்து மூன்று வயது. அவர் கண் முன்னாலேயே உடம்பெல்லாம் மஞ்சளாகி, பதினோராம் நாள் கண்ணை மூடியவள். "வலிப்போடயாவது இருந்திருப்பாளே டாக்டர்" என்று அவளுடைய அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சொன்னார்.

"அஞ்சு ஆய்வை மட்டும் பார்த்தா, மருந்து சாப்பிட்ட எண்ணூறு பேருக்கு மூணு சாவு அதிகம்" என்றாள் கணக்கம்மா. "சாவே இல்லாத அந்த ஏழு ஆய்வையும் சேர்த்தா நாலாயிரம் பேருக்கு மூணு. சாவு விழுந்த இடத்தை மட்டும் பொறுக்கி எடுத்தா மருந்து எமனாத்தான் தெரியும். பிழைச்சவங்களையும் எண்ணணும் சார்."

குழுத் தலைவர் சமாதானத்துக்கு வழி தேடினார். பூஜ்யம் வரும் கட்டங்களில் அரையைச் சேர்த்துக் கணக்குப் போடும் வழக்கம் உண்டே, அப்படிச் செய்து பார்த்தால் என்ன என்றார்.

"அரை மனுஷன் சாகறதில்லை சார்."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாலு உசுரை நாலாயிரத்துல கரைச்சுட்டீங்க. ஒரு நோயாளி பக்கத்துல ஒரு நாளாவது உட்கார்ந்திருக்கீங்களா மேடம்?"

கணக்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு காகிதத்தைப் பார்த்தாள்.

"கணக்குக்கு அது தேவையில்லை சார். மருந்து கிடைக்காதவங்க பக்கம் வலிப்பு வந்து விழுந்து மண்டை உடைஞ்சவங்க, கை கால் முறிஞ்சவங்க தொண்ணூறு பேர். அடுத்த பக்கத்துல இருக்கு, அதையும் பாருங்க."

ஓட்டெடுப்பு நடந்தது. மருந்து இருக்கட்டும், ஆனால் மாதாமாதம் ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம் என்று ஐந்து கைகள் உயர்ந்தன. எதிர்த்து உயர்ந்தது டாக்டரின் கை மட்டும். கணக்கம்மா எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. தலைவரும் அவளை ஏனென்று கேட்கவில்லை.

செய்வதையெல்லாம் செய்துவிட்டுப் பழி மட்டும் வேண்டாமென்று நழுவுகிறாளே என்று டாக்டர் மனசுக்குள் கறுவினார். மருந்துக் கம்பெனிக்காரன் இவளைக் கைக்குள் போட்டுக்கொண்டிருப்பான் என்றுகூடத் தோன்றியது.

முடிவு எதுவானாலும், மருந்து சாப்பிட்டு இறந்த நாலு பேரின் வீட்டாருக்கும் கடிதம் எழுதித் தெரிவிப்பது வழக்கம். அந்தக் கடிதங்களை நானே எழுதுகிறேன் என்று டாக்டர் வாங்கிக்கொண்டார். யார், எந்த ஊர் என்ற விவரம் குழுவுக்குத் தெரியக் கூடாது என்பது விதி. அதனால், தன் நோயாளி நீங்கலாக மற்ற மூவருக்கும், அவரிடம் ஆய்வின் எண் மட்டும் இருந்தது. விலாசம் எழுதி அனுப்புவது குமாஸ்தாவின் பொறுப்பு.

மத்தியானம் முழுக்க உட்கார்ந்து நாலையும் கைப்பட எழுதினார். ஒவ்வொன்றின் கடைசியிலும், யாரையும் கேட்காமல், நாலு வரி கூடுதலாகச் சேர்த்தார்.

'உங்கள் வீட்டு மரணத்தைப் பெரிய எண்ணுக்குள் கரைத்துவிட்டவர் எங்கள் கணக்காளர். அவர் ஒரு நோயாளியின் பக்கத்தில் ஒரு நாள்கூட உட்கார்ந்திராதவர். உங்கள் துக்கம் அவருக்குப் புரியாது. என்னால் தடுக்க முடியவில்லை, மன்னியுங்கள்.'

எழுதி முடித்ததும் மனசு கொஞ்சம் லேசானது. உறைகளை ஒட்டி, மேலே எண்ணைக் குறித்து, குமாஸ்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

குமாஸ்தா பீரோவிலிருந்த பதிவேட்டை எடுத்துப் பார்த்து மூன்று உறைகளில் விலாசம் எழுதினார். ஸ்டாம்ப் ஒட்டினார். நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"என்ன, விலாசம் இல்லையா?" என்றார் டாக்டர்.

குமாஸ்தா சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுதான் டாக்டர். ஒன்பதாம் ஆய்வுல இறந்தது நம்ம கணக்கம்மாவோட பையன். தலைவருக்கு மட்டும் தெரியும். அதனாலதான் அவங்க ஓட்டுல கை தூக்கலை."

டாக்டர் கை நீட்டுவதற்குள் குமாஸ்தா உறையோடு எழுந்துவிட்டார்.

"இதுக்கு எதுக்கு ஸ்டாம்ப்? அவங்க இன்னும் சீட்டுலதான் இருக்காங்க. நானே குடுத்துட்டு வந்துடறேன்."