முதலில் கூப்பிட்ட பெயர்

"இனி இந்த வானை நான் ஓட்டமாட்டன், கனகண்ணை. இண்டைக்கு உங்களை வீட்டை கொண்டுபோய் இறக்கிறதோட சரி."

வரதராசா இதைச் சொன்னபோது வான் ஊஸ்டர் நகரத்து மண்டப வாசலைக்கூடத் தாண்டவில்லை. பக்கத்தில் இருந்த உதைபந்தாட்டக் கழகத் தலைவர் கனகரத்தினம் பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

இருபத்தாறு வருசமாய்க் கழகத்துப் பெடியளை மைதானம் மைதானமாக ஏற்றி இறக்கியது வரதராசாதான். ஞாயிறு முழுக்கக் கத்திவிட்டு, திங்கள் வேலையில் தொண்டை கட்டி ஊமைபோல நின்றதும் அவர்தான். மூன்று தரம் இறுதியாட்டம் வரை போயும் கிண்ணம் மட்டும் கைக்கு வரவில்லை.

இந்த முறை வரும் என்று மனுசன் நம்பியிருந்தார்.

முன்னெல்லாம் திறமான பெடியள் எல்லாம் ஒரே கழகத்தில் போய்ச் சேர்ந்துகொள்ள, மற்றக் கழகங்கள் வந்து அடிவாங்கிப் போகும். அதனால் இந்த வருசம் புதுச் சட்டம். விளையாட விரும்புகிற நாற்பத்தெட்டுப் பேரும் மண்டபத்துச் சுவரோரம் நிற்கவேண்டும். ஆறு கழகமும் சீட்டுக் குலுக்கி, விழுந்த வரிசைப்படி ஒவ்வொரு பெயராய்க் கூப்பிட்டு எடுக்கும். இளசுகள் அதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இன்று சீட்டில் முதலிடம் இவர்களுக்கே விழுந்தது. வரதராசாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

சுவரோரம் நிருசன் நின்றான். போன வருசம் தனி ஆளாய்ப் பதினேழு கோல் போட்டவன். தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று பையைத் தூக்கித் தோளிலும் போட்டுவிட்டான்.

கனகரத்தினம் எழும்பி, "பிரவீனன்" என்றார்.

ஆரடா அது என்று மண்டபமே திரும்பிப் பார்த்தது. கடைசி மூலையில் ஒரு மெலிந்த பெடியன். ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து எட்டு மாதம், அகதி முகாமில் இருக்கிறான். தன் பெயரைத்தானா சொன்னார்கள் என்று பக்கத்தில் நின்றவனைக் கேட்டுவிட்டுத்தான் வந்தான்.

அடுத்த நிமிசமே நிருசனைச் சோலோதுர்ன் ஊர்க் கழகம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. அதன் தலைவர் இரவீந்திரன் சிரித்த சிரிப்பு, வானுக்குள் ஏறியும் வரதராசாவை விடவில்லை.

"காலமை அந்தப் பிரவீனன் பயிற்சி எடுத்ததைப் பார்த்தனீங்களோ? பந்தை அவன் மறிக்கேல்லை அண்ணை, பந்துதான் அவனை மறிச்சது."

"பழகினால் வரும்."

"அதுவரைக்கும் கிண்ணம் காத்துக்கொண்டு நிக்குமோ?"

கனகரத்தினம் யன்னலுக்கு வெளியே பார்த்தார். அதுதான் வரதராசாவை இன்னும் கிளப்பிவிட்டது.

"உங்களுக்கு ஒருகாலத்தில கண் இருந்தது அண்ணை" என்று தொடங்கினார். அந்தக் காலத்தில், பனிமலை ஊரான டாவோசில், ஹோட்டல்களில் கோப்பை கழுவின பெடியள் மத்தியான ஓய்வில் ஒன்றுகூடிப் பந்தடிப்பார்கள். கனகரத்தினமும் இன்னொருத்தரும் முன்னால் நின்று, மாறி மாறிப் பெயர் சொல்லி ஆள் பிரிப்பார்கள். அப்போது வரதராசாவுக்கு இருபத்தொரு வயது.

"பள்ளிக்கூடத்து அணிக்கு விளையாடின இரவீந்திரன் பக்கத்தில நிக்க, முதல் பெயரா என்னையெல்லோ கூப்பிட்டனீங்கள். அண்டைக்கு நான் ஊருக்குத் திரும்பிப் போறதெண்டு முடிவெடுத்திருந்தனான். இந்தக் குளிருக்குள்ள எனக்கும் ஒரு பெறுமதி இருக்கெண்டு கண்டது நீங்கள் ஒராள்தான். அதை நினைச்சுத்தான் இவ்வளவு காலமும் இந்த வானை ஓட்டினனான். திறமையைக் கண்ட அந்தக் கண் இண்டைக்கு எங்க அண்ணை போச்சுது?"

கனகரத்தினம் வாய் திறக்கப்போக, அவருடைய போன் அடித்தது. வரும்போது பாட்டுக் கேட்கவென்று அதை வான் ஸ்பீக்கரோடு இணைத்திருந்தார்கள். அவர் போனைத் தொட்டதும், வான் முழுக்க இரவீந்திரனின் குரல்.

"கனகு, நிருசனைத் தந்ததுக்கு நன்றியடாப்பா. நீ இந்தச் சென்மத்தில திருந்தமாட்டாய் என்ன? டாவோசிலயும் இதே வேலைதானே பார்த்தனி."

"இரவி, நான் பிறகு எடுக்கிறன்—"

"நில்லடா. நான் குத்துக்கல்லு மாதிரி நிக்க, பந்தை நேரா உதைக்கவே தெரியாத வரதனை முதல் கூப்பிட்டனி. ஏனடா எண்டு கேட்டதுக்கு என்ன சொன்னனி? பத்து நாளா ஒழுங்காச் சாப்பிடாமல், ஒருதரோடயும் கதைக்காமல் கோப்பை கழுவுறான், கடைசி ஆளா நிண்டு மிஞ்சினால் உடைஞ்சு போயிடுவான் எண்டனி. அந்த மனுசன் இண்டைக்கும் தான் பெரிய ஆட்டக்காரன் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டு திரியுது."

கனகரத்தினம் பதறிப்போய் எதையோ அமத்தினார். கதை நிற்கவில்லை, வானின் அபாய விளக்குத்தான் மினுங்கத் தொடங்கியது. கடைசியில் வரதராசாவே கையை நீட்டிப் போனை நிறுத்தினார். விளக்கையும் நிறுத்தினார்.

வான் இரண்டு சிக்னலைத் தாண்டியது.

"பிறகு பிறகு நீ நல்லாத்தான் விளையாடினனி, வரதன்" என்றார் கனகரத்தினம் மெல்ல.

"பொய் சொல்லாதேங்கோ அண்ணை."

வீட்டு வாசலில் வான் நின்றது. கனகரத்தினம் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வான் ஓட்ட வேறு ஆரையாவது பார்க்கிறேன் என்றார்.

வரதராசா நேரே ரோட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"முகாம் வாசலுக்கு எத்தனை மணிக்கு வரவேணும்? முதல் அந்தத் தம்பியை ஏத்திப்போட்டுத்தான் மற்ற ஆக்கள்."